ஈரத்தில் நிற்கிற டயர்: சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

வடசென்னையில் சின்ன, வேகமான கார் வைத்திருப்பவர்கள் டயர் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். விலை எழுதவில்லை, அது கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

திருவொற்றியூர்: அண்ணே, என்னுடையது ஐ20 என் லைன். கம்பெனி டயர் தேய்ந்துவிட்டது. வார நாளில் எண்ணூர் விரைவுச்சாலை, மணலி. எப்போதாவது ஏலகிரி. நல்ல கிரிப் உள்ள டயர் எது வாங்கலாம்?

தம்பி, உங்கள் காருக்குக் கம்பெனி கொடுத்த அளவு 195/55 ஆர்16; அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 இன்ச். அதை மாற்ற வேண்டாம்.

கடையில் 'ஸ்போர்ட்ஸ் டயர்' என்று கேட்டால் மூன்று வகையைக் காட்டுவார்கள். முதலாவது மிஷெலின் பிரைமஸி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்ஸா போன்ற சொகுசு டயர். சத்தம் குறைவு, நிறைய நாள் உழைக்கும், ஸ்டியரிங் கொஞ்சம் மந்தமாக இருக்கும். இரண்டாவது, மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4, கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட், யோகோஹாமா அட்வான் ஃப்ளீவா மாதிரி சாலைக்கென்றே செய்த பெர்ஃபார்மன்ஸ் டயர். ரப்பர் மென்மையாகவும் பக்கச்சுவர் விறைப்பாகவும் இருக்கும். ஈரத்தில் பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. மூன்றாவது, அட்வான் நியோவா போன்றவை. ரேஸ் ட்ராக்கில் ஓட்டிவிட்டு அதே டயரில் வீடு திரும்புவதற்கானவை. காய்ந்த ரோட்டில் அபாரமாகப் பிடிக்கும். ஆனால் தண்ணீரை வெளியேற்றும் பள்ளக்கோடுகள் அவற்றில் குறைவு. நம் ஊர் மழைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு இரண்டாவது வகைதான். காரணம் நீங்கள் போகிற ரோடு. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடி ஓடித் தார் வழவழவென்று கிடக்கிறது. ஓரத்தில் மணல். லாரிகள் வரிசையில் நிற்கும் இடமெல்லாம் டீசலும் ஆயிலும் சொட்டுச் சொட்டாக. ஐப்பசியில் மழை பிடிக்கும்போது முதல் அரைமணி நேரம்தான் மிக மோசம்; எண்ணெய் கழுவிக்கொண்டு போவதற்கு முன்னால் தண்ணீரோடு சேர்ந்து ரோட்டின் மேல் படலமாக நிற்கும். காய்ந்த ரோட்டில் எந்த நல்ல டயரும் நிற்கும். முன்னால் போகிற ட்ரெய்லர் திடீரென்று பிரேக் போடும்போது, ஈரத்தில் சில மீட்டர் முன்னதாகவே உங்கள் கார் நிற்க வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் டயருக்குக் கூடுதல் காசு கொடுப்பது அதற்காகத்தான். ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயராக இருந்தால் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை எழுத்து இருக்கும். ஏ அல்லது பி பாருங்கள்.

பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கலாம். 100 என்ற அடிப்படை டயரை விட 300 மூன்று மடங்கு உழைக்கும் என்பது கணக்கு. அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துப் போட்டுக்கொள்வதால், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் பயன்படும்.

இன்னொன்று. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன்பிறகு வெளிநாட்டுத் தயாரிப்புகள் எல்லா அளவிலும் எப்போதும் கிடைப்பதில்லை. கேட்ட மாடல் உங்கள் அளவில் இல்லையென்றால் மாடலை மாற்றுங்கள், அளவை மாற்றாதீர்கள். "இது இல்ல சார், பக்கத்து சைஸ் போட்டுக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை: அபார்த் புண்ட்டோ வைத்திருக்கிறேன் சார். 17 இன்ச் அலாயும் 205/45 டயரும் போட்டால் ஹேண்ட்லிங் கூடுமா? பார்க்கவும் நன்றாக இருக்குமே.

பார்க்க நன்றாகத்தான் இருக்கும் சார். கணக்கைப் பார்ப்போம். இப்போது உள்ள 195/55 ஆர்16-இன் மொத்த விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். 205/45 ஆர்17 சுமார் 616. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. அதுவரை சரி.

பக்கச்சுவரின் உயரத்தைப் பாருங்கள். 195-இல் 55 சதவீதம் என்றால் 107 மில்லிமீட்டர். 205-இல் 45 சதவீதம் 92. உங்கள் அலாய்க்கும் ரோட்டுக் குழிக்கும் நடுவில் 15 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் குறைகிறது. வைத்தியநாதன் பாலத்துப் பக்கமோ, மாதவரத்தில் மெட்ரோவுக்காகத் தோண்டி மூடிய இடங்களிலோ இரவில் ஒரு குழியில் இறங்கினால் ரிம்மின் விளிம்பு டயரை நசுக்கும். உள்ளே உள்ள நூல்கள் அறுந்து பக்கச்சுவரில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் வரும். அதற்கு ரிப்பேர் கிடையாது. அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஹேண்ட்லிங்? வழுவழுப்பான வளைவில் ஸ்டியரிங் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும், உண்மை. ஆனால் பெரிய அலாய் பெரும்பாலும் எடை கூடுதல். மேடு பள்ளத்தில் சக்கரம் துள்ளும்போது சஸ்பென்ஷனால் அதைச் சீக்கிரம் அடக்க முடியாது. துள்ளுகிற நேரத்தில் டயர் ரோட்டில் சரியாகப் பதியாது. 16 இன்ச்சிலேயே எடை குறைந்த அலாயும் நல்ல டயரும் போடுங்கள் சார். இந்த ஊர் ரோட்டில் அதுதான் வேகமான காராக இருக்கும்.

கொருக்குப்பேட்டை: கடைக்காரர் புது டயர்தான் என்று சத்தியம் செய்கிறார். எப்படிப் பார்ப்பது?

டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அந்த நான்கு எண் சில சமயம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மாட்டுவதற்கு முன்பே டயரைத் திருப்பிப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு உட்பட்டதாகக் கேளுங்கள், நான்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் செய்ததாக இருக்கட்டும். நம் வெயிலில் ஓடாமல் நிற்கும் டயரும் முதுமை அடையும். கோடு எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஐந்து ஆறு வருடம் ஆனால் மாற்றிவிடுவது என் வழக்கம்.

ராயபுரம்: இப்போதைக்கு இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது. முன் சக்கரம் இழுக்கிற வண்டி, புதுசு முன்னால்தானே?

இல்லை. புதுசு பின்னால், பழசில் நல்ல இரண்டு முன்னால். பலரும் நம்ப மறுக்கும் பதில் இது, ஆனால் டயர் கம்பெனிகளும் இதையேதான் சொல்கின்றன. ஈரமான வளைவில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாகிவிடும்; உங்களுக்குத் தெரியும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும். அப்போது காலை எடுத்தால் எடை முன்னே போய்ப் பின்பக்கம் இன்னும் லேசாகி இன்னும் சுழலும். உள்வட்டச் சாலையில் பக்கத்தில் டேங்கர் வரும்போது அதைச் சமாளிக்க எத்தனை பேருக்குக் கை பழகியிருக்கிறது? முன்னால் போடும் பழைய டயரின் கோட்டு ஆழமும் சட்டம் சொல்லும் குறைந்தபட்சமான 1.6 மில்லிமீட்டரை நெருங்கியிருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் மழைக்காலத்துக்கு முன்னால் அதையும் மாற்றுங்கள்.

வியாசர்பாடி: அகலமான டயர் மழையில் மிதக்கும் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

ஓரளவு உண்மை. அகலம் கூடினால் ஒரே நேரத்தில் ஒதுக்க வேண்டிய தண்ணீர் கூடும். ஆனால் அகலத்தை விடப் பெரிய காரணங்கள் இரண்டு: கோட்டின் ஆழம், காற்றழுத்தம். நாசாவில் விமான டயர்களை வைத்து 1960-களில் செய்த ஆய்விலிருந்து வந்த ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி, 32 பிஎஸ்ஐ காற்று உள்ள டயர் தேங்கிய தண்ணீரில் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். 24 பிஎஸ்ஐ என்றால் 82-லேயே. கார் டயருக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் போக்கு இதுதான். காற்று குறையக் குறைய மிதப்பு சீக்கிரம் வரும். "மழைக்குக் கொஞ்சம் காத்து இறக்கி ஓட்டு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் பாருங்கள். எண் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஓடிச் சூடான டயரில் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். பங்கில் பையன் அதை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவான காற்றில்தான் கிளம்புவீர்கள்.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது எந்த டயரும் உதவாது. சுற்றிப் போங்கள்.

பெரம்பூர்: அண்ணா, என் போலோ ஜிடியில் முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. டயர் தரம் சரியில்லையா?

டயரைக் குறை சொல்ல வேண்டாம் தங்கச்சி. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்திவிட்டு, ஆறிய டயரின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. கம்பி ஏதாவது வெளியே தெரிந்தால் கை வைக்காதீர்கள். ஒரு திசையில் வழவழவென்று போய், எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி உறுத்தினால் டோ கோளாறு. இரண்டு சக்கரமும் நேராகப் பார்க்காமல் ஓடுகின்றன. உறுத்தலே இல்லாமல் உள் ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) பக்கம் சந்தேகப்படலாம். ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருந்தால் இது சகஜம்.

வீல் அலைன்மென்ட் பார்க்கும் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளான லோயர் ஆர்ம் புஷ், டை ராட், பால் ஜாயின்ட் இவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிற புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் மெஷினில் பச்சை காட்டும், ரோட்டில் நிற்காது. செய்ததற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். புது டயர் போடும் அன்றே இதைச் செய்யாவிட்டால் புதுசும் அதே வழியில் போகும்.

திருவொற்றியூர், இன்னொருவர்: நம்ம ஊர் எம்ஆர்எஃப் இருக்கும்போது வெளிநாட்டு டயர் எதற்கு?

இந்தக் கேள்வி திருவொற்றியூரிலிருந்து வராமல் வேறு எங்கிருந்து வரும்! 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை அங்கே பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் டயரின் மேற்பரப்புக்கான ட்ரெட் ரப்பர், பிறகு டயர். அந்த நிறுவனம் 2022-இல் எஃப்ரென் யாரேனா ஓட்டிய காரோடு ஐரோப்பிய ரேலி சாம்பியன்ஷிப்பை வென்றது. நம் தெருவில் பிறந்த கம்பெனி என்று எனக்கும் அதில் பெருமை உண்டு.

ஆனால் ரேலி டயர் வேறு, கடையில் கிடைக்கிற டயர் வேறு. எம்ஆர்எஃப்-இன் வழக்கமான கார் டயர்கள் உழைப்புக்கும் உறுதிக்கும் பேர் போனவை. குழி ரோட்டில் பக்கச்சுவர் தாங்கும். ஈரப் பிடிப்பும் ஸ்டியரிங் துல்லியமும் வேண்டுமென்றால் அதே கம்பெனியின் பெர்ஃபின்ஸா வரிசையைக் கேளுங்கள். உங்கள் அளவில் கிடைத்தால் தயங்காமல் பரிசீலிக்கலாம். கொடி பார்த்து வாங்காதீர்கள், வேலை பார்த்து வாங்குங்கள்.

மாதவரம்: மினி கூப்பர் எஸ், ரன் ஃபிளாட் டயர். இடுப்பு போகிறது. சாதாரண டயருக்கு மாறலாமா?

மாறலாம் சார். ரன் ஃபிளாட்டின் பக்கச்சுவர் தடித்தது. காற்று போனாலும் வழக்கமாக 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் போவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அந்த விறைப்புதான் உங்கள் இடுப்பில் இறங்குகிறது. மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். சுமை எண்ணும் வேக எழுத்தும் பழையதற்குக் குறையக் கூடாது. 87 வி என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்துக்குச் சோதித்தது. யாரும் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனால் அந்த எழுத்து வெப்பத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கும் அடையாளம், மே மாதத்து ஜிஎன்டி ரோட்டில் அது தேவை. பூட்டில் ஸ்டெப்னி இல்லையென்றால் பஞ்சர் கிட்டும் சின்ன காற்றுப் பம்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

மணலி: லாரி ரோட்டில் ஆணி, போல்ட் நிறைய. பெர்ஃபார்மன்ஸ் டயருக்குச் சாதாரண பஞ்சர் போடலாமா?

ரோட்டைத் தொடும் ட்ரெட் பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஓட்டை என்றால் போடலாம். வெளியிலிருந்து திரி செருகுவது வீடு போய்ச் சேரத்தான். அப்புறம் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவப் பேட்ச் போடச் சொல்லுங்கள். தோளிலோ (ட்ரெட் பக்கச்சுவரோடு சேரும் ஓரம்) பக்கச்சுவரிலோ ஆணி ஏறியிருந்தால் புது டயர்தான்.

வண்ணாரப்பேட்டை: புதுப்பேட்டையில் வெளிநாட்டு டயர் பழசு பாதி விலைக்குக் கிடைக்கிறதே? ரீபட்டன் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது)?

வேண்டாம். எந்தக் குழியில் விழுந்தது, எத்தனை நாள் காற்றில்லாமல் ஓடியது என்று வெளியிலிருந்து தெரியாது. ரீபட்டன் லாரிக்குச் சரி, அதற்கென்றே அந்த டயரின் உடம்பைக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் காருக்கு அல்ல. காசு குறைவென்றால் நல்ல இந்தியத் தயாரிப்பில் புதுசு வாங்குங்கள்.

எர்ணாவூர்: நைட்ரஜன்?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடியுங்கள். வாரம் ஒருமுறை அளவு பார்ப்பதுதான் முக்கியம்.

சோழவரம்: தீவுத்திடலில் இரவு ரேஸ் பார்த்ததிலிருந்து ஆசை. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் என் காரை ஒருநாள் ஓட்டப் போகிறேன். டயர் மாற்றணுமா அண்ணே?

சோழவரத்துக்காரருக்கு ரேஸ் ஆசை வருவதில் ஆச்சரியமே இல்லை தம்பி. உங்கள் ஊரின் பழைய யுத்தகால விமான ஓடுபாதையில்தான் பல பத்தாண்டுகள் ரேஸ் நடந்தது. இருங்காட்டுக்கோட்டை வந்தது 1990-இல்.

முதல் முறைக்கு டயர் மாற்ற வேண்டாம். புத்தம் புது டயரோடு போகவும் வேண்டாம். முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓடி மேல் வழவழப்பு போன டயர்தான் ட்ராக்குக்கு ஆகும். பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் டயரை விட முக்கியம், அதை முதலில் பாருங்கள். ட்ராக்கில் மூன்று நான்கு சுற்று போய்விட்டு உள்ளே வந்து அழுத்தம் பாருங்கள். காலையில் வைத்ததை விட ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அங்கே மட்டும் கொஞ்சம் இறக்கலாம். டயரின் தோளில் சின்ன முக்கோணக் குறி ஒன்று இருக்கும். தேய்மானம் அந்த முக்கோணத்தைத் தாண்டிப் பக்கச்சுவருக்குப் போனால் காற்று போதவில்லை என்று அர்த்தம், ஏற்றுங்கள்.

கிளம்பும் முன் நான்கு டயரும் ஆறட்டும். கதவுத் தூணில் உள்ள எண்ணுக்குக் காற்றை ஏற்றி, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.