சிசேரியன் வலிக்கு லாவெண்டர் எண்ணெய் உதவுமா?

தங்கச்சி, பினாங்குக்கு வந்த கொஞ்ச நாளிலேயே சிசேரியன், பக்கத்தில் அம்மாவும் இல்லை, தையல் வலிக்கு வாசனை எண்ணெய் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக, ஆனால் முகர்வதற்கு மட்டும். எனக்கும் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் சிசேரியனில் பிறந்தார்கள்.

சிசேரியன் ஆன பெண்களை லாவெண்டர் முகரவைத்து ஈரானில் ஆராய்ந்திருக்கிறார்கள். வலி ஓரளவு குறைந்திருக்கிறது, ஆனால் வலி மாத்திரைக்குப் பதிலாக அது போதாது. பால் கொடுக்கிறோமே என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதே. பனடோல், அதாவது பாரசிட்டமால், சொன்ன அளவில் எடுத்தால் பாலூட்டும் தாய்க்கு ஆகாதது இல்லை.

பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, மூக்கிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து, மெதுவாக மூச்சை இழுத்து விடு. நான் கட்டிலை விட்டு எழுவதற்கு முன்னால் இப்படிச் செய்வேன், ஏனென்றால் அந்த எழுந்திருக்கும் நேரத்தில்தான் உயிர் போகும். பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழு, இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள். தையலிலோ மார்பிலோ ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

அப்புறம், பச்சை உடம்புக்காரி என்று அக்கம்பக்கத்தில் அன்போடு ஜாதிக்காய் எண்ணெயும் மின்யாக் ஆங்கின் என்கிற மருந்துத் தைலமும் கொண்டுவந்து தருவார்கள். வாங்கி வைத்துக்கொள், ஆனால் குழந்தை பக்கம் கொண்டுபோகாதே. கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் எல்லாம் பச்சைக் குழந்தையின் மூச்சைப் பாதிக்கும். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி, அதாவது ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு நொதி, குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், முடிவு குழந்தையின் மருத்துவப் புத்தகத்தில் இருக்கும், எடுத்துப் பார். குறைபாடு இருந்தால் அந்தத் தைலங்களோடு துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம், ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். ஏர்கான் போட்டு மூடிய அறையில் டிஃப்யூசரோ சாம்பிராணிப் புகையோ எந்தக் குழந்தைக்குமே நல்லதில்லை.

பந்தாங், அதாவது பிரசவத்துக்குப் பிந்தைய பத்தியக் காலத்து மசாஜுக்கு ஆள் வந்தால் கால், தோளோடு நிறுத்தச் சொல். வயிற்றில் கை வைப்பதும், துங்கு என்கிற சூடான ஒத்தடக் கல் வைப்பதும் டாக்டர் சரி என்ற பிறகுதான்.

காய்ச்சல், தையலில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இதில் எது வந்தாலும் எண்ணெயைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. மூச்சுத் திணறலோ அதிக ரத்தப்போக்கோ என்றால் 999க்குக் கூப்பிடு.