மழையில் விழுந்த வௌவாலும் கடல்பறவையும்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். போன ஜூலை மழையில் எங்கள் சொசைட்டி காம்பவுண்டில் பெரிய வௌவால் ஒன்று விழுந்து கிடந்தது. அதே வாரம் பக்கத்து பில்டிங் மொட்டைமாடியில் ஒரு வெள்ளைப் பறவை. கறுத்த முகம், மஞ்சள் அலகு. வாட்ச்மேன் இரண்டையும் துணியில் சுருட்டித் தண்ணீர் புகட்டினார். அது சரியா?

பதில்: துணி சரி. தண்ணீர் வேண்டவே வேண்டாம். சோர்ந்து கிடக்கும் உயிரின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குத்தான் போகும்.

வௌவால், ஆலமரங்களில் தொங்கும் பழந்தின்னி. பறவை 'மாஸ்க்ட் பூபி'யாகத்தான் இருக்க வேண்டும். பெருங்கடல் தீவுகளில் கூடு கட்டுகிற அதைப் பருவக்காற்று சில வருடங்களில் மும்பைக் கரைக்குத் தள்ளிவிடும். இரண்டும் சிறகை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். இரண்டுமே சமதரையிலிருந்து சட்டென்று எழும்பத் திணறும். பாவம் பார்த்து மேலே தூக்கி எறிபவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் கையாளும் விதம் வேறு. வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது. அதன் இறக்கை, நீண்ட விரல்களுக்கிடையே இழுத்துக் கட்டிய மெல்லிய தோல். மடக்கி அழுத்தினால் கிழியும். சுட்டுவிரலில் ஒரு சின்ன நகமும், கட்டைவிரலில் கொக்கி போல ஒரு பெரிய நகமும் துருத்தி நிற்கும். முரட்டுக் கிளை ஒன்றை நீட்டுங்கள், தெம்பிருந்தால் அந்த நகங்களால் பற்றித் தானே ஏறிவிடும். மின்கம்பியில் அடிபட்டுச் செத்ததென்றாலும் ஒதுங்கி நின்றே வயிற்றுப் பக்கம் பாருங்கள், குட்டி உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். கடியோ கீறலோ பட்டால் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே டாக்டரிடம் போங்கள். ரேபீஸ் ஊசி தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

பூபியிடம் பயப்பட வேண்டியது அலகுக்கு. கண்ணைக் குறிவைத்துக் குத்தும். முகத்தை எட்ட வைத்துக்கொண்டு, தலைமேல் டவலைப் போட்டு, இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். குத்துகிறதே என்று அலகை ரப்பர் பேண்டால் கட்டிவிடாதீர்கள். இந்த இனத்துக்கு வெளியே திறந்த மூக்குத்துவாரம் கிடையாது, வாய்வழியாகத்தான் மூச்சு. கட்டினால் திணறிச் செத்துவிடும். கடல்பறவைதானே என்று தாதர் கடற்கரையில் கொண்டுபோய் விடுவதும் தப்பு. இறகு நனைந்து ஊறிய பறவை அலையில் தாக்குப்பிடிக்காது.

இரண்டையும் தனித்தனியே துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான, சத்தமில்லாத மூலையில் வையுங்கள். பாலும் பிரெட்டும் எதுவும் வேண்டாம். அப்புறம் வனத்துறையின் 1926 எண்ணுக்குப் பேசுங்கள்.