ஜப்பானியர் எப்படித் திட்டுகிறார்கள்?

கேள்வி: ஜப்பானிய மொழி படிக்கும் என் மகள், அந்த மொழியில் கெட்ட வார்த்தையே இல்லை என்கிறாள். ‘முட்டாள்’ என்பதுதான் அங்கே பெரிய வசையாம். வசவு இல்லாத மொழியும் உண்டா?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் மகள் சொல்வது பாதி உண்மை. முட்டாளைக் குறிக்கும் ‘பகா’, மலத்தைக் குறிக்கும் ‘குசோ’ போன்ற சில சொற்களே அங்கே பேச்சில் அடிக்கடி அடிபடுகின்றன. தாயையும் தமக்கையையும் இழுத்துத் திட்டும் நம் ஊர் வழக்கம் அங்கே வேர்பிடிக்கவில்லை. சிறுவர்கள் சீண்டிக்கொள்ளும்போது ‘உன் அம்மாவுக்குத் தொப்புள் துருத்தியிருக்கிறது’ என்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தும் கொடுமை அங்கேயும் உண்டு. தோல் பதனிடுதல் போன்ற தொழில்களைச் செய்து ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் தாழ்நிலையை 1871-இல் அரசாணை நீக்கிய பிறகும், அவர்கள்மீது வீசப்பட்ட சொற்கள் மறையவில்லை.

இவற்றையெல்லாம்விட, ஜப்பானிய வசை பெரும்பாலும் மரியாதை இலக்கணத்துக்குள் இருக்கிறது என்பதே முக்கியம். மதுரைப் பக்கத்தாருக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் செல்லும் பேருந்தில் ஒருமுறை நடத்துநர் ஒரு பெரியவரிடம், “நீ எங்க இறங்கணும்?” என்று கேட்டுவிட்டார். சில்லறையை நீட்டிய கையை மடக்கிக்கொண்ட பெரியவர், “மரியாதை குடுத்துப் பேசுங்க தம்பி” என்றார். கெட்ட வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. ‘நீங்க’ வர வேண்டிய இடத்தில் ‘நீ’ வந்ததே வசையாகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே ‘யூ’ போடும் இன்றைய ஆங்கிலத்தில் இப்படி ஒருவரைப் புண்படுத்த வழியில்லை.

ஜப்பானியத்தில் அதிகம் பழகாத ஒருவரின் பெயரோடு ‘சான்’ சேர்க்காமல் விட்டாலே அவமதிப்பு. ‘கிசாமா’ என்ற முன்னிலைச் சொல்லின் எழுத்துகளைப் பார்த்தால் ‘மாண்புமிக்கவர்’ என்று பொருள்படும். ஒரு காலத்தில் கடிதங்களில் மரியாதையோடு எழுதப்பட்ட அந்தச் சொல், இன்று சண்டையில் எதிராளியை நோக்கி வீசப்படுகிறது. நம்மிடம் ‘நீர்’ சற்று இறங்கி, அதன் இடத்தை ‘நீங்கள்’ பிடித்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். கிசாமாவோ பாதாளம்வரை இறங்கிவிட்டது.

எனக்குப் பெருவியப்பு, வினைச்சொல்லில் ஒட்டிக்கொள்ளும் ‘யகரு’ என்ற துணைவினைதான். ‘கிதா’ என்றால் வந்தான். ‘கியகத்தா’ என்றால் வந்து தொலைந்தான். வந்தவனைப் பற்றி ஒரு வசைச்சொல்லும் சொல்லாமல், அவன் வந்த செயலின் மீதே வெறுப்பைப் பூசும் இந்த வேலையை நம் ‘தொலை’ அப்படியே செய்கிறது. இரண்டு மொழிகளும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

‘பகா’வையும் லேசாக எடைபோட வேண்டாம். ஒசாகா பக்கம் ‘அஹோ’ என்றால் செல்லமான முட்டாள், ‘பகா’ என்றால் சுடும். டோக்கியோவில் பெரும்பாலும் இது தலைகீழ். 1953 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழுக் கூட்டத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த பிரதமர் யோஷிதா ஷிகெரு, ‘பகயாரோ’, அதாவது ‘முட்டாள் பயலே’ என்று வாய்க்குள் முணுமுணுத்தார். மார்ச் 14 அன்று அவருடைய அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி, கீழவை கலைக்கப்பட்டது. அந்தக் கலைப்புக்கு ஜப்பானிய வரலாற்றில் ‘பகயாரோ கலைப்பு’ என்றே பெயர்.