பிரிட்டிஷ், ஐரிஷ் பிரபுக் குடும்பங்களின் கொடிவழி: கேள்வி பதில்

கேள்வி: பிரபுக் குடும்பங்களைப் பட்டியலிடும் ‘பர்க் பீரேஜ்’ நூலில் ஒரு குடும்பத்தின் வரிசை முழுதும் அச்சாகியிருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தேடத் தொடங்க அது போதும். சான்றாக வைக்காதீர்கள். 1826 முதல் வெளிவரும் அந்த நூலுக்குப் பெரும்பாலும் குடும்பத்தாரே தகவல் தந்தார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளைப் பார்த்தால், 1066இல் நார்மன் படையோடு கரையிறங்காத குடும்பமே இல்லையோ என்று தோன்றும்! ஆதாரம் காட்டும் நூல் வேண்டுமென்றால் கோகெய்ன் தொடங்கிய ‘கம்ப்ளீட் பீரேஜ்’ (இரண்டாம் பதிப்பு 1910–1959). ஆனால் அது பட்டம் வகித்தவரை மட்டுமே பின்தொடரும். இளைய மகன்கள், மகள்களுக்கு உயில்களையும் தேவாலயப் பதிவேடுகளையும்தான் நாட வேண்டும்.

கேள்வி: மெட்ராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் வாரிசுகளைத் தேடுகிறேன். பேரன்களில் மூத்த கிளை ‘கிளைவ்’ என்ற பெயரில் கிடைக்கவே இல்லையே?

பதில்: ‘ஹெர்பர்ட்’ என்று தேடுங்கள். ராபர்ட் கிளைவின் மூத்த மகன் எட்வர்ட் (கவர்னர், 1798–1803) மணந்தது ஹென்றியட்டா ஹெர்பர்ட்டை. ஹென்றியட்டாவின் சகோதரர் பொவிஸ் ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) மணமாகாமலே 1801இல் இறக்க, அந்தப் பட்டம் அவரோடு முடிந்தது. 1804இல் எட்வர்டுக்கு அதே பெயரில் புதிதாக ஒன்று தந்தார்கள். அவருடைய மூத்த மகன் 1807இல் குடும்பப் பெயரை ஹெர்பர்ட் என்று மாற்றிக்கொண்டார். தாய்வழிச் சொத்து வரும்போது இப்படிப் பெயர் மாறுவது அங்கே சகஜம். அரச அனுமதி பெற்ற மாற்றங்கள் அரசிதழான லண்டன் கெஜட்டில் வரும், அங்கே பாருங்கள்.

இன்னொரு பொறி: 1674, 1748, 1804 என மூன்று முறை உருவானதால், ‘முதலாம் பொவிஸ் ஏர்ல்’ மூன்று பேர். எண்ணை மட்டும் குறித்தால் ஆள் மாறிவிடுவார். பிறந்த பெயர், பட்டம், பட்டம் உருவான ஆண்டு, அது எந்த நாட்டுப் பீரேஜ் (பிரபுப் பட்ட வரிசை) ஆகிய நான்கையும் ஒவ்வொருவருக்கும் எழுதிவையுங்கள். கடைசி விவரம் வீண் அல்ல. ராபர்ட் கிளைவுக்கு 1762இல் கிடைத்தது ஐரிஷ் பட்டம். ஐரிஷ் பட்டம் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் இடம் தராது. அதனால்தான் பிரபுவான பிறகும் லண்டன் காமன்ஸ் சபையில் (கீழ்சபையில்) அவர் உட்கார முடிந்தது. உறுப்பினர் பட்டியலில் பெயரைப் பார்த்து வேறு ஆள் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கேள்வி: ‘லார்டு’ என்று இருந்தாலே பட்டம் உடையவர்தானே?

பதில்: இல்லை. 1794இல் மெட்ராஸ் கவர்னரான லார்டு ஹோபர்ட், பக்கிங்ஹாம்ஷயர் ஏர்லின் மூத்த மகன். தந்தையின் சிறிய பட்டத்தை மரியாதைக்காகச் சுமந்தவர். ஏர்ல் ஆனது தந்தை இறந்த 1804இல்.

கேள்வி: பெற்றோரின் திருமணம் ஜூன் 1720. குழந்தையின் ஞானஸ்நானம் பிப்ரவரி 1720. முறைகேடான பிறப்பா?

பதில்: அவசரப்படாதீர்கள். இங்கிலாந்தில் 1751 வரை புத்தாண்டு மார்ச் 25. எனவே அந்தப் பிப்ரவரி, ஜூனுக்குப் பின்னால் வருவது. 1720/21 என்று குறியுங்கள். ஸ்காட்லாந்து மட்டும் 1600 முதலே ஜனவரி 1க்கு மாறிவிட்டது.

கேள்வி: அயர்லாந்து ஆவணங்கள் 1922இல் எரிந்துவிட்டனவாமே, இனி என்ன செய்வது?

பதில்: ஜூன் 30, 1922இல் ஆவணக் காப்பகம் இருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்தவை ஏராளம்: 1821–1851 மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி, உயில்கள், அங்கே ஒப்படைத்திருந்த அயர்லாந்துத் திருச்சபைப் பதிவேடுகள். (1861–1891 கணக்குகள் தீயில் போகவில்லை. அவற்றை அரசே அதற்கு முன் அழித்துவிட்டது.)

ஆனால் நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்கு வழி உண்டு. டப்ளின் பத்திரப் பதிவகம் 1708 முதல் இருக்கிறது, அது எரியவில்லை. அங்கே திருமண ஒப்பந்தங்களைத் தேடுங்கள். ஒரே பத்திரத்தில் மணமகளின் தந்தை, சகோதரர், அறங்காவலர் என மூன்று நான்கு உறவுகள் சிக்கும். பெயர் அட்டவணை சொத்தை எழுதிக்கொடுத்தவரை மட்டுமே காட்டும். வாங்கியவர் பெயரில் தேடி ஏமாறாதீர்கள். 1800க்கு முந்தைய உயில்களில் பலவற்றுக்கு கொடிவழி ஆய்வாளர் வில்லியம் பெதம் எடுத்துவைத்த குறிப்புகள் பிழைத்திருக்கின்றன. இங்கிலாந்திலும் சொத்து இருந்தவரின் உயில் 1858க்கு முன் கேன்டர்பரி பேராயரின் உயில் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கலாம். அது இன்று கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில்.

கேள்வி: இளைய மகன் ஒருவர் மெட்ராஸில் இறந்ததாக மட்டும் தெரியும். எங்கே தேடுவது?

பதில்: பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை. மெட்ராஸ் மாகாண ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகள் அதில் உள்ளன. இவை லண்டனுக்கு அனுப்பிய நகல்கள். நகலெடுத்தவர் கை தவறியிருக்கலாம், ஆகவே பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்.