அடிபட்ட புது பட்ஜியைப் பழைய ஜோடியோடு எப்போது விடலாம்?

கேள்வி: வீட்டில் ஒரு வருடமாக இரண்டு பட்ஜிகள் (சின்னக் கிளி வகை) இருக்கின்றன. மூன்று நாள் முன்பு இன்னொன்றை வாங்கி வந்தோம். வரும் வழியில் எங்கோ அடிபட்டிருக்கிறது போல. இடது இறக்கை தொங்குகிறது, கூண்டின் தரையிலேயே உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் வலி மாத்திரை, களிம்பு ஏதாவது கொடுக்கலாமா? தனியாக இருப்பதால்தான் சோர்ந்திருக்கிறதோ, பழைய இரண்டோடு விட்டால் தேறிவிடுமோ என்றும் தோன்றுகிறது.

பதில்: முதலில் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இப்போது விடாதீர்கள், கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றுகூட வேண்டாம். அது சோர்ந்திருப்பது தனிமையால் இல்லை, வலியால். பறவைகள் நோவை முடிந்தவரை மறைக்கும். கூட்டத்தில் பலவீனமாகத் தெரிவது ஆபத்து என்பது அவற்றின் உடம்பிலேயே ஊறிய பழக்கம். அப்படிப்பட்ட ஒன்று மறைக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டது என்றால் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி மோசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்க முடியாத ஒன்றைப் பழைய இரண்டும் கொத்த ஆரம்பித்தால் தப்பித்து ஒதுங்கக்கூட அதனால் முடியாது.

மூன்று நாள் ஏற்கனவே போய்விட்டது, அதனால் பறவைகளைப் பார்த்துப் பழக்கமுள்ள டாக்டரிடம் இன்றைக்கே, முடியாவிட்டால் நாளைக் காலையிலாவது கொண்டுபோங்கள். எலும்பு முறிந்திருந்தால் பறவைகளுக்கு அது வேகமாகக் கூடிவிடும், ஏறக்குறைய மூன்று வாரம்தான். நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் சரியாக நிறுத்திக் கட்டாமல் விட்டால் கோணலாகக் கூடுவதும் அதே வேகத்தில் நடந்துவிடும். அதற்காக நீங்களே கட்டுப்போடப் பார்க்காதீர்கள். நமக்கு இருப்பதுபோல் அதற்கு உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சிழுக்க உதவும் தசை) கிடையாது, நெஞ்சுக்கூடு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே. உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் மூச்சு அடைத்துவிடும். கையில் பிடிக்கும்போதும் அப்படித்தான், கழுத்தின் இரு பக்கமும் விரலால் பிடிக்கலாம், நெஞ்சை அழுத்தக் கூடாது.

மருந்துப் பெட்டியை மூடி வையுங்கள். பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம். நம் மாத்திரையில் ஒரு துணுக்கு என்பதே அதற்கு எத்தனை மடங்கு அளவு என்று யாராலும் கண்ணால் அளக்க முடியாது. களிம்பும் வேண்டாம். எண்ணெய்ப் பசை இறகில் ஏறினால் உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கும் தன்மையே போய்விடும், போதாததற்கு அலகால் கோதிக் கோதி அதைத் தின்றும் விடும். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள், நகம் உடைந்து கசிந்தால் நுனியில் கொஞ்சம் சோள மாவை ஒற்றலாம். உடம்பிலிருக்கும் மொத்த ரத்தமே 3, 4 மில்லிதான், நிற்காத கசிவைச் சின்னது என்று விட்டுவிட முடியாது. பூனை பிறாண்டியதாகவோ கடித்ததாகவோ லேசாகச் சந்தேகம் வந்தாலும் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பூனை வாயில் இருக்கும் கிருமி ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும், காயம் கண்ணுக்கே தெரியாவிட்டாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

டாக்டரைப் பார்க்கும்வரையும், பார்த்து வந்த பிறகும், பெரிய கூண்டு வேண்டாம். காற்றோட்டமுள்ள சின்னப் பெட்டி போதும். அடியில் டவல், அதன் மேல் வெள்ளை டிஷ்யூ. வெள்ளை எதற்கென்றால் எச்சம் தெளிவாகத் தெரியவேண்டும். குச்சியே வேண்டாம், வைத்தாலும் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்குள். இரையும் தண்ணீரும் தட்டையான கிண்ணத்தில், அது உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே. ஹீட்டிங் பேடை மிகக் குறைந்த சூட்டில் பெட்டியின் பாதிக்கு அடியில் மட்டும் வையுங்கள், அந்தப் பக்கம் 29, 30 டிகிரி இருந்தால் போதும், மறுபாதி சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டுமென்றால் அது நகர்ந்துகொள்ளும். அலகைத் திறந்து மூச்சு வாங்கினாலோ இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தாலோ சூடு அதிகம். மூன்று பக்கம் துணியால் மூடிவிட்டு, அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்காதீர்கள், அது ரொம்ப முக்கியம். சாப்பிடவில்லை என்று பயந்து வாயில் தண்ணீர் விடுவதும் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தினைக் கதிர் ஒன்றைத் தரையில் போட்டு வையுங்கள், பெரும்பாலானவை அதற்கு மசியும்.

சாப்பிடுகிறதா என்பதை உமியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விதையை உரித்துத் துப்பிவிட்டு விழுங்காமலும் இருக்கும். கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று போதும், தினமும் காலையில் இரை வைப்பதற்கு முன் எடை போட்டு எழுதிவையுங்கள். 35 கிராம் பறவைக்கு மூன்றரை கிராம் குறைந்தால் பத்து சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம், அப்போது யோசிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

சரி, எப்போது சேர்ப்பது? இறக்கை ஆறுவது ஒரு கணக்கு. புதுப் பறவை எதுவானாலும் 30 முதல் 45 நாள் தனி அறையில் வைப்பது இன்னொரு கணக்கு. அடிபடாமல் வந்திருந்தாலும் இந்த இரண்டாவது கணக்கு உண்டு. இரண்டில் எது பிந்தி முடிகிறதோ அதுதான் உங்கள் தேதி. கிளிக்காய்ச்சல், இறகு உதிரும் வைரஸ் நோய், அலகிலும் காலிலும் செதில் கட்டவைக்கும் சிலந்திப்பேன் என்று பலவும் வெளியே தெரியாமல் வரும், முதலில் சொன்னது மனிதருக்கும் தொற்றும். அதனால் தினமும் பழைய இரண்டுக்கும் முதலில் இரை வைத்து முடித்துவிட்டு, புதியதைக் கடைசியாகக் கவனியுங்கள். கிண்ணங்கள் தனித்தனியாக, கை கழுவாமல் திரும்ப வரக்கூடாது. எச்சத்தைப் பரிசோதிக்கும்படி டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். தனிமை பற்றிக் கவலை வேண்டாம், அடுத்த அறையிலிருந்து ஒன்றின் குரலுக்கு இன்னொன்று பதில் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

நாள் முடிந்ததும் ஒரே அறையில் தள்ளித் தள்ளி இரண்டு கூண்டு. ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கலாம், ஆனால் கம்பியோடு கம்பி ஒட்டவேண்டாம், கால் விரலைக் கடித்துவிடும். பிறகு எந்தக் கூண்டுக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில், நீங்கள் பக்கத்திலேயே இருந்து, பத்து இருபது நிமிடம் வெளியே விடுங்கள். ஒரே கூண்டுக்குள் விடும் நாளில் குச்சிகளையும் பொம்மைகளையும் இடம் மாற்றிவிடுங்கள், பழையவற்றுக்கும் அது புது வீடு மாதிரி ஆகிவிடும். முட்டைப்பெட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள், பெண் பட்ஜி அதற்காக உயிரை எடுக்கும். மூன்றாவதாக ஒரு இரைக் கிண்ணமும் இருக்கட்டும். கத்துவது, அலகால் தள்ளிவிடுவது எல்லாம் சாதாரணம். துரத்தித் துரத்தி மூலையில் மடக்கினாலோ, ரத்தம் வந்தாலோ, புதியது சாப்பிட வராமல் ஒதுங்கினாலோ பிரித்துவிடுங்கள்.

ஒன்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பட்ஜியையும் லவ் பேர்ட்ஸ் என்றே பலர் சொல்லி விற்கிறார்கள். நிஜமான லவ் பேர்டுக்கு வால் குட்டை, உடம்பு குண்டு, அலகு தடி. உங்களுடைய மூன்றில் ஏதாவது அப்படி இருந்தால் நான் மேலே சொன்ன சேர்க்கும் பகுதியை மறந்துவிடுங்கள், அது பட்ஜியின் காலைக் கடித்தே துண்டாக்கக்கூடியது, காலம் முழுக்கத் தனிக் கூண்டுதான். மூன்றுமே பட்ஜி, ஆனால் புதியதன் இறக்கை ஆறிய பிறகும் முழுசாகச் சரியாகவில்லை என்றால் சேர்த்து வைக்கலாம். குச்சிகளைத் தாழ்வாக வைத்து, நடுவில் சின்ன ஏணி மாட்டி, இரைக் கிண்ணம் ஒன்றைக் கீழேயே வைத்துவிடுங்கள்.