இலவு காத்த கிளி அல்லர் அமோல் முஜும்தார்

"இந்திய அணிக்காக ஒருமுறைகூட ஆடாமல் ஓய்வுபெற்ற வீரர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார், ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்களான ராஜிந்தர் கோயல், பத்மாகர் ஷிவால்கர் ஆகியோரைப் பலர் சொல்வார்கள். நியாயம்தான். முதல்தரப் போட்டிகளில் 750 விக்கெட் எடுத்த கோயலுக்கு ஒரு டெஸ்ட் கிடைக்கவில்லை. அதே இடக்கைச் சுழலில் பிஷன் சிங் பேடி கோலோச்சிய காலம் அது. ஆனால் என் பதில் அமோல் முஜும்தார். நான் பந்து வீசியவன் இல்லை, ஐந்தாவதாக மட்டை பிடிக்கப் போனவன் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

1988 பிப்ரவரி. மும்பை ஆசாத் மைதானத்தில் ஹாரிஸ் ஷீல்டு பள்ளிப் போட்டியின் அரையிறுதி. சாரதாஷ்ரம் பள்ளி, செயின்ட் சேவியர் பள்ளிக்கு எதிராக 84 ரன்னுக்கு 2 விக்கெட்டை இழந்திருந்தது. அப்போது களத்தில் சேர்ந்த இரண்டு பையன்கள் பிரியவே இல்லை. சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 326, வினோத் காம்ப்ளி ஆட்டமிழக்காமல் 349, இருவரும் சேர்த்தது 664 ரன். 748க்கு 2 என்ற நிலையில் டிக்ளேர் செய்தார்கள். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்து இறங்குவதற்காகப் பேடு கட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே காத்திருந்த 13 வயதுப் பையன்தான் அமோல். மூவருமே பயிற்சியாளர் ராமகாந்த் அச்ரேகரின் மாணவர்கள்.

பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன என்று ஆடாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் சென்னையில் ஐந்தாம் டிவிஷன் லீக்கில், மேட்டிங் விரித்த ஆடுகளங்களில் சில ஆண்டுகள் ஆடினேன். அம்மா நீலம் போட்டுத் துவைத்துத் தரும் வெள்ளை பேண்ட் காலை பத்து மணிக்கே முழங்காலுக்குப் பின்னால் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். பேடின் மூன்று வார்களில் நடுவார் கெண்டைக்கால் சதையை இறுக்கும். கொஞ்சம் தளர்த்திவிடுவோம், ஆனால் அவிழ்க்க மாட்டோம். அவிழ்த்தால் விக்கெட் விழும் என்று ஒரு நம்பிக்கை. நிழலில் உட்காரக் கூடாது, கண் வெளிச்சத்துக்குப் பழகியிருக்க வேண்டும். தண்ணீரை அளவாகத்தான் குடிக்க வேண்டும். எதிரணி "ஹவ்ஸாட்" என்று கத்தும்போதெல்லாம் உடம்பு தானாகப் பாதி எழுந்து, நடுவர் தலையசைத்ததும் மறுபடி உட்காரும். ஒரு மணி நேரம் இப்படி இருந்தாலே, ரன் எதுவும் எடுக்காமல் ஆள் களைத்துப்போவான். டெண்டுல்கரும் காம்ப்ளியும் ஆடிய நேரம் முழுவதும் அந்தப் பையன் எத்தனை முறை எழுந்து உட்கார்ந்திருப்பான் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவருடைய வாழ்க்கையே அந்தக் காத்திருப்புதான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இலவு காத்த கிளி என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அந்தக் கிளி காய் பழுக்கும் என்று கிளையில் சும்மா உட்கார்ந்திருந்தது. முஜும்தார் செய்ததைப் பாருங்கள்.

உள்நாட்டு அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையின் 1993-94 பருவத்தில் பம்பாய் அணிக்காக ஹரியானாவுக்கு எதிராக முதல்தரக் கிரிக்கெட்டில் கால்வைத்தார். வயது 19. அந்த முதல் ஆட்டத்திலேயே 260 ரன். அறிமுக ஆட்டத்தில் ஓர் இந்தியரின் மிகப் பெரிய எண்ணிக்கையாக அதுவரை இருந்தது குண்டப்பா விஸ்வநாத்தின் 230. 1975 இல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக அவர் சேப்பாக்கத்தில் எடுத்த 97 ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயரின் கனம் தெரியும். முஜும்தாரின் 260 உலகச் சாதனையாகவே 2018 வரை நின்றது. அந்த ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் அஜய் ரொஹேரா ஆட்டமிழக்காமல் 267 எடுத்து அதைத் தாண்டினார்.

பிறகு ஏன் வாய்ப்பு வரவில்லை? தேர்வுக்குழுவைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்த ஆண்டுகளின் நடுவரிசையை எண்ணிப் பாருங்கள். டெண்டுல்கரும் அசாருதீனும் அசைக்க முடியாத இடத்தில் இருந்தார்கள். 1996 ஜூனில் லார்ட்ஸில் ஒரே டெஸ்டில் கங்குலியும் திராவிடும் அறிமுகமானார்கள். ஒருவர் 131, மற்றவர் 95. அதே ஆண்டு நவம்பரில் லக்ஷ்மண் வந்தார். அணியில் நடுவரிசை இடங்கள் மூன்றோ நான்கோதான். ஒரு தலைமுறைக்கு ஒருவர் பிறந்தாலே பெரிது என்கிற வகை ஆட்டக்காரர்கள் நால்வர் ஒரே காலத்தில் பிறந்துவிட்டார்கள். அதே காலத்தில் பிறந்த ஐந்தாமவரின் திறமையைக் குறைத்துச் சொல்ல இதில் எதுவும் இல்லை.

என்னைப் பாதித்தது அதற்கடுத்த பகுதி. கதவு திறக்காது என்று தெரிந்த பிறகும் ஒருவர் எத்தனை ஆண்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு காலையில் பயிற்சிக்குப் போவார்? இவர் போனது 21 பருவங்கள். 171 முதல்தர ஆட்டங்கள், 11,167 ரன், 30 சதம், சராசரி 48.13. ஒரு கட்டத்தில் ரஞ்சிக் கோப்பையில் எல்லோரையும்விட அதிக ரன் அவர் பெயரில்தான் இருந்தது. பின்னர் வாசிம் ஜாஃபர் முந்தினார். 2006-07 இல் மும்பையின் கேப்டனாக இருந்தபோது பரோடாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது இன்னிங்ஸில் அணி ரன் எதுவும் எடுக்காமலேயே 5 விக்கெட்டை இழந்தது. பலகையில் 0க்கு 5! அந்த ஆட்டத்தையும் வென்று, வாங்கடேயில் வங்காளத்தைத் தோற்கடித்துக் கோப்பையையும் எடுத்தார்கள்.

2009 இல் மும்பையை விட்டு அஸ்ஸாமுக்குப் போனார். பிறகு ஆந்திரா. மும்பை அணியில் ஆடுவது என்பது கோப்பையை எதிர்பார்த்து ஆடுவது. அந்தக் காலத்து அஸ்ஸாமிலும் ஆந்திராவிலும் அந்த எதிர்பார்ப்பு இல்லை. வயது முப்பத்தைந்து ஆகப்போகிறது. இந்திய அணி என்ற பேச்சு முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஆடினார், 2014 வரை. ஆட்டம் அவருக்கு எதையோ தரும் என்பதற்காக ஆடியவர் அந்த வயதில் குவாஹாட்டிக்குப் போயிருக்க மாட்டார். மட்டை பிடிப்பது பிடித்திருந்தது, போனார். நான் அவரை மதிப்பது இதற்காகத்தான். உலகக் கோப்பைக் கதை பின்னாளில் நடந்திராவிட்டாலும் இந்தப் பதிலை இவரைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபரில் இந்திய மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2025 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று தோல்வி. இங்கிலாந்திடம் தோற்றது வெறும் 4 ரன்னில். அந்த ஆட்டத்தில் ஜெமிமா ரோட்ரிக்ஸை உட்காரவைத்திருந்தார்கள். தேர்வாகாத வலியை அறிந்த ஒருவர் பொறுப்பில் இருக்கும்போது ஒரு மட்டையாளரை வெளியே வைப்பது எவ்வளவு கடினமான வேலை! ஆனால் பதினொரு இடம்தான் இருக்கிறது. அது அவரைவிட யாருக்குத் தெரியும்.

அரையிறுதியில் ஆஸ்திரேலியா 338 எடுத்தது. இறுதிக்குப் போக அவர்களைவிட ஒரே ஒரு ரன் அதிகம் எடுத்தால் போதும் என்று ஓய்வறைப் பலகையில் எழுதிவைத்தார் முஜும்தார். ஐந்தாவதாக இறங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஜெமிமாவுக்கு, மூன்றாவதாக இறங்க வேண்டும் என்பது களத்துக்குப் போக ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் தெரிந்தது. ஆட்டமிழக்காமல் 127 எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொடுத்தார்.

நவம்பர் 2, நவி மும்பை, தென்னாப்பிரிக்காவுடன் இறுதி ஆட்டம். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும்தான் விழித்திருந்தோம். அம்மாவுக்குக் கிரிக்கெட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது. என் வெள்ளைத் துணியில் ஒட்டிவரும் செம்மண் கறையை வைத்துத்தான் நான் அன்று ஆடினேனா, வெளியே உட்கார்ந்திருந்தேனா என்று கண்டுபிடிப்பார். நள்ளிரவு தாண்டி தீப்தி சர்மாவின் பந்தில் ஹர்மன்பிரீத் கவுர் கடைசிப் பிடியைப் பிடித்தார். 52 ரன் வித்தியாசத்தில் வெற்றி. கூச்சலும் கண்ணீருமாக இருந்த அந்தக் கூட்டத்தில் ஹர்மன்பிரீத் ஒருவரிடம் போய்க் குனிந்து காலைத் தொட்டார். அவர் ஹர்மனைத் தூக்கி அணைத்துக்கொண்டார்.

"யாரப்பா அவர்? அந்தப் பெண் காலைத் தொட்டுக் கும்பிடுகிறாளே?" என்று அம்மா கேட்டார்.

"மும்பைக்காரர் அம்மா. பேட்ஸ்மேன்" என்றேன்.