மரிக்கொழுந்துப் பாசி தாவரமா? தராசும் நுண்ணோக்கியும் சொல்லும் பதில்

கேள்வி: மண்டபத்தை அடுத்த கடற்கரைக் கிராமத்தில் பாசி எடுக்கும் தொழில் செய்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நம் கடலில் உள்ள உயிர்களை வகைப்படுத்தி ஓர் அட்டை தயாரிக்க வேண்டும். கூடவே செல்லையும் நுண்ணோக்கியில் காட்ட வேண்டுமாம். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, கடற்புல், பவளம், கடலைப் பச்சையாக்கும் பூங்கோரை ஆகியவற்றில் எது தாவரம், எது விலங்கு என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறோம். எதை எந்தப் பிரிவில் எழுதுவது? எதை எடுத்துப் போகலாம்?

பதில்: எடுத்துப் போகக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வகைப்பாட்டில் பிழை வந்தால் மதிப்பெண்தான் குறையும். இதில் பிழை வந்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பவை. செத்து வெளுத்துக் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும், வலையில் தற்செயலாகச் சிக்கிக் காய்ந்துபோன கடல் குதிரையாக இருந்தாலும், அதைக் கண்காட்சி மேசையில் வைக்க வேண்டாம். படம் வரைந்தால் போதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை என்பதால் தீவுப் பக்கம் போய்ச் சேகரிக்கும் எண்ணமும் வேண்டாம். கரையில் தானாக ஒதுங்கும் பாசியும் கடற்புல்லும் உங்கள் மகளின் வேலைக்குத் தாராளம்.

இனி உங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன். ‘பாசி’ என்பது பிழையான சொல் அன்று. ஆனால் நீரில் வளர்வது, வழுக்குவது, பறித்து விற்கக்கூடியது என்று நம் புழக்கத்தை வைத்து அமைந்த சொல் அது. அறிவியல் வகைப்பாடு கேட்பதோ உறவுமுறையை: யாருக்கு யார் பங்காளி, யாருக்கு யார் அயலார் என்பதை. அந்த உறவு வெளித் தோற்றத்தில் மறைந்துவிடும் இடங்களிலும் செல்லுக்குள் தடயம் விட்டுவைத்திருக்கும். எனவே வகைப்பாட்டை அட்டையின் ஒரு பக்கமும் செல்லை மறுபக்கமுமாகப் பிரித்து ஒட்டாமல், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளக்கச் சொல்லுங்கள்.

உண்மையில் இந்தப் பிரிவினையில் பாதியை உங்கள் ஊர்த் தராசே செய்து வைத்திருக்கிறது. மரிக்கொழுந்தையும் கஞ்சிப்பாசியையும் வாங்குவது அகர் எடுப்பதற்காக. கட்டக்கோரையையும் பக்கோடாப் பாசியையும் வாங்குவது ஆல்ஜினேட் எடுப்பதற்காக. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி வளர்க்கும் காப்பாபைகஸ் பாசியை வாங்குவது காராஜீனன் எடுப்பதற்காக. இந்த மூன்று பொருள்களும் பாசியின் செல்சுவரில் இருப்பவை. நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் பாலில் காய்ச்சி, இறுக விட்டுத் துண்டு போடுகிறார்களே, அந்தக் ‘கடல்பாசி’யும் செல்சுவரிலிருந்து வடித்தெடுத்த அகர்தான். அகரும் காராஜீனனும் சிவப்புப் பாசிகளிலிருந்து கிடைப்பவை. பாசிகளுள் ஆல்ஜினேட் தருவது பழுப்புப் பாசி. வியாபாரி எதற்கு எந்தப் பாசியைக் கேட்கிறார் என்பது உங்களுக்குத் தெரியுமென்றால், எது எந்தத் தொகுதி என்பதும் உங்களுக்குத் தெரியும்.

நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். காப்பாபைகஸில் பச்சையாகவே வளரும் வகை உண்டு. அதுவும் சிவப்புப் பாசிதான். வெயில் பட்டு வளர்ந்த கஞ்சிப்பாசி வெளிறிக் கிடக்கும். ஐயம் தீர அடுப்படியிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். கட்டக்கோரையின் ஒரு கிளையைக் கொதிக்கும் நீரில் முக்கினால் பழுப்பு மறைந்து சட்டென்று பச்சையாகும். பச்சையத்தை மூடிக்கொண்டிருந்த பழுப்பு நிறமி சூட்டில் தன் புரதப் பிடியை இழப்பதே அதற்குக் காரணம். நிழலான இடத்தில் வளர்ந்து நன்றாகச் சிவந்த கஞ்சிப்பாசியை நசுக்கி, நல்ல தண்ணீரில் ஓர் இரவு இருட்டில் ஊற வைத்தால் நீர் இளஞ்சிவப்பாகும். சிவப்புப் பாசியின் நிறமி நீரில் கரையும், பச்சையமோ கரையாது. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் இவற்றை வைத்தால் கண்காட்சிக்கு வருபவர்கள் அட்டையைப் படிப்பதற்கு முன் அங்கேதான் நிற்பார்கள்.

சரி, இவை தாவரமா? பச்சைப் பாசிகளும் நிலத்துத் தாவரங்களும் ஒரே குடும்பத்து வாரிசுகள். சிவப்புப் பாசி ஒரு தலைமுறை தள்ளிய பங்காளி. தாவரங்களின் பெருங்குலத்துக்குள்ளேயே அதையும் சேர்க்கலாம். பழுப்புப் பாசியின் கதை வேறு. கட்டக்கோரைக்குத் தண்டுபோல் ஒன்று உண்டு, இலைபோல் ஒன்று உண்டு, காய்போல் காற்றுப்பையும் உண்டு. பார்த்தால் நம் ஊர்ச் செடியைப் போலவே இருக்கும். ஆனால் அதன் முன்னோர், ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் செல்லுறுப்பான பசுங்கணிகத்தைத் தன் குலத்திலிருந்து பெறவில்லை. மிகப் பழங்காலத்தில் ஒரு சிவப்புப் பாசிச் செல்லை விழுங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்டதன் வழியே பெற்றது. தாவரச் செல்லின் பசுங்கணிகத்தைச் சுற்றி இரண்டு படலங்கள் இருக்க, பழுப்புப் பாசியினுடையதைச் சுற்றி நான்கு இருப்பது அந்த விழுங்கலின் தழும்பு. அதன் நெருங்கிய சொந்தம் மரமோ புல்லோ அன்று; கடல்நீரில் மிதக்கும், மணற்சத்தாலான ஓடு கொண்ட டயாட்டம் என்னும் ஒரு செல் உயிரிகள்.

பள்ளிப் பாடநூல் கடற்பாசிகளைத் தாவர உலகத்தின் கீழ்ப் பேசும். தேர்வில் அப்படியே எழுதட்டும். அட்டையில் மட்டும் கட்டக்கோரையைச் சற்று விலக்கி ஒட்டிக் காரணத்தை ஓரத்தில் குறிக்கட்டும். வகைப்பாடு கல்லில் வெட்டியது அன்று. 1735இல் லின்னேயஸ் உயிர்களைத் தாவரம், விலங்கு என்று இரண்டாகப் பிரித்தார். இரண்டிலும் அடங்காத நுண்ணுயிர்களுக்காக 1866இல் ஹெக்கல் புரோடிஸ்டா என்னும் மூன்றாவது உலகத்தை முன்வைத்தார். பாடநூலில் உள்ள ஐந்துலக வகைப்பாட்டை விட்டேக்கர் தந்தது 1969இல். அதற்கு எட்டே ஆண்டுகளில், 1977இல், கார்ல் வோஸும் அவருடன் பணியாற்றியவர்களும் பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் மரபுப் பொருளில் முற்றிலும் வேறான ஆர்க்கியா என்னும் குலத்தை அடையாளம் கண்டார்கள். வாலிநோக்கம் போன்ற உப்பளங்களில் உப்பு இறுகும் தறுவாயில் பாத்தி நீர் சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பை விரும்பும் ஆர்க்கியாவுக்கு அந்தச் சிவப்பில் பங்கு உண்டு.

கடற்புல்லில் எந்தத் தகராறும் இல்லை. அதற்கு உண்மையான வேர் உண்டு, இலை உண்டு, பூவும் பூக்கும். நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிய பூக்கும் தாவரம் அது. ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வது அதைத்தான்.

பவளம் விலங்கு. மரம்போல் கிளைத்து ஓரிடத்தில் அசையாமல் நிற்பதால் நம் கண் அதைச் செடி என்கிறது. ஆனால் அதன் செல்களுக்குச் சுவர் கிடையாது, இரையைக் குத்திப் பிடிக்கும் கொட்டும் செல்கள் உண்டு. சொறி மீனும் அதுவும் ஒரே தொகுதி. குழப்பத்துக்கு இடம் தருவது அதன் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசிதான். நிறமும் உணவில் பெரும்பங்கும் அந்தக் குடித்தனக்காரர் தருபவை. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அவர் வெளியேற, பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது.

பூங்கோரைதான் உங்கள் பட்டியலிலேயே சுவையானது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணமான நாக்டிலூகா, பாசி என்று அழைக்கப்பட்டாலும், தாவரமும் அன்று, விலங்கும் அன்று. புரோடிஸ்டா உலகத்தைச் சேர்ந்த ஒரு செல் உயிரி. அந்த ஒரே செல் அரை மில்லிமீட்டர் அளவுக்கும் அதற்கு மேலும் பருக்கும் என்பதால், ஒரு கண்ணாடிப் புட்டியில் கடல்நீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்தாலே சவ்வரிசியின் நுண்துகள் போல வெறுங்கண்ணுக்குத் தெரியும். அதற்குச் சொந்தமாகப் பசுங்கணிகம் கிடையாது. பிற நுண்ணுயிர்களைப் பிடித்து உண்ணும். நாம் காணும் பச்சை, அதன் வயிற்றுக்குள் நீந்திக்கொண்டிருக்கும் வேறொரு நுண்பாசியின் பச்சை. பழுப்புப் பாசியின் முன்னோர் செய்ததாகச் சொன்னேனே, அந்த விழுங்கி வைத்துக்கொள்ளும் வேலை இங்கே இன்றைக்கும் நடக்கிறது. அது பெருகி, மடிந்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் வற்றுகிறது. மீன் சாவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

நுண்ணோக்கிக்கு வருவோம். பள்ளியில் இருப்பது பெரும்பாலும் 400 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் கருவி. அதில் செல்சுவர், உட்கரு, பசுங்கணிகம் ஆகியவை தெரியும்; மைட்டோகாண்ட்ரியாவின் அமைப்போ ரைபோசோமோ தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல வரைந்து ‘நுண்ணோக்கியில் கண்டது’ என்று எழுதும் வழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. பல செய்முறைத் தேர்வுகளில் அதைப் பார்த்துச் சலித்தவன் என்பதால் சொல்கிறேன், பாடநூல் படத்தைத் தனியாக ஒட்டி ‘இது பாடநூல் படம்’ என்றே எழுதட்டும்.

நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் முதல் கண்ணாடி வில்லைக்குச் சின்ன வெங்காயம் போதும். சதைப்பற்றான இதழின் வெளிப்புறத்தில் ஊதா நிறத் தோலை நகத்தால் மெல்ல உரித்து, நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் நிறைந்து நிற்கும். பிறகு கண்ணாடியின் ஓரத்தில் கடல்நீர் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் மைத்தாளால் உறிஞ்ச வேண்டும். சில நிமிடங்களில் ஒவ்வொரு செல்லிலும் ஊதாப் பகுதி சுவரை விட்டு விலகிச் சுருண்டு உள்வாங்கும். சுவர் இருந்த இடத்திலேயே நிற்கும். செல்சுவரும் செல் படலமும் வெவ்வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. உடனே நல்ல தண்ணீரை மாற்றிவிட்டால் ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொடும். நெடுநேரம் விட்டுவிட்டால் செல் இறந்துவிடும், பிறகு விரியாது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் அறைகளைக் கண்டு ‘செல்’ என்று பெயரிட்டபோது அவர் பார்த்தது இந்தச் சுவரை மட்டுமே. உள்ளே இருந்தது எப்போதோ காய்ந்து போயிருந்தது. உட்கருவுக்கு ராபர்ட் பிரவுன் பெயர் சூட்ட 1831 ஆயிற்று.

இரண்டாவது வில்லைக்கு ஹாலோபிலா என்னும் சிறு கடற்புல்லைத் தேடுங்கள். கட்டைவிரல் நகத்தளவில் நீள்வட்டமான, கண்ணாடிபோல் மெல்லிய இலை அதற்கு; நடு நரம்பை விட்டு விலகினால் இலை இரண்டே செல் அடுக்குதான் என்பதால் சீவ வேண்டிய தொல்லையே இல்லை, இலைத் துண்டை அப்படியே வைக்கலாம். செல்லுக்குள் பச்சைப் பயறு சிதறியதுபோல் பசுங்கணிகங்கள் தெரியும். இலைத்துளை ஒன்றுகூட இராது. நீருக்குள் வாழும் இலைக்கு அது தேவையில்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: கடலில் எடுத்த எதையும் கடல்நீர்ச் சொட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல தண்ணீரில் போட்டால் சுவருள்ள செல் ஓரளவு தாங்கும், பூங்கோரை போன்றவை ஊறி வெடித்துவிடும்.

விலங்குச் செல்லுக்குத் தன் கன்னத்தின் உட்புறத்தைச் சுத்தமான பல்குத்தியின் மழுங்கிய முனையால் தேய்த்தெடுத்து, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டால் போதும். சுவரில்லாத, ஒழுங்கற்ற செல்லும் நடுவே கருநீல உட்கருவும் தெரியும். உட்கருவே இல்லாத செல்லைக் காட்ட, வாய்க்கால் ஓரத்தில் படியும் கருநீலப் பச்சை வழுக்கலில் சிறிதை எடுத்துப் பாருங்கள். காசு அடுக்கியதுபோன்ற இழைகள் மெதுவாக ஊர்வது தெரிந்தால் அது ஆசிலடோரியா. அதையும் நாம் பாசி என்றே சொல்வோம். ஆனால் அது பாக்டீரியாக்களோடு மொனிரா உலகத்தில் சேர்வது. கடையில் மாத்திரையாக விற்கும் சுருள்பாசியும் அந்த இனத்ததே.

மண்டபம் கடலோரத்தில் கடல்திராட்சை என்னும் காலெர்ப்பா கிடைத்தால் விடாதீர்கள். படரும் தண்டும் குண்டுமணிக் கொத்தும் கொண்ட அந்தப் பச்சைப் பாசி முழுவதும் இடையில் குறுக்குச் சுவரே இல்லாத ஒரே செல், உள்ளே எண்ணற்ற உட்கருக்கள். செல் என்றாலே கண்ணுக்குத் தெரியாதது என்று நினைப்பவர்களிடம் அதைக் கையில் கொடுக்கலாம்.

பாசிகளைக் காகிதத்தில் பாடம் செய்ய, அகலத் தட்டில் கடல்நீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் தடித்த தாளை நுழைத்துக் கிளைகளைக் குச்சியால் பிரித்தபடியே தூக்க வேண்டும்; மேலே பழைய வேட்டித் துணி விரித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றினால் பல பாசிகள் தம் பிசினாலேயே ஒட்டிக்கொள்ளும், பசை தேவைப்படாது. ஒவ்வொன்றின் கீழும் இடம், நாள், ஊர்ப்பெயர், அறிவியல் பெயர் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். மரிக்கொழுந்து என்று மட்டும் எழுதினால் மதுரைக்காரர் பூக்கடையில் மணக்கும் செடியை நினைத்துக்கொள்வார். ஜெலிடியெல்லா அசெரோசா என்று மட்டும் எழுதினால் உங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. கஞ்சிப்பாசிக்குக் கிராசிலேரியா எடுலிஸ் என்றும், கட்டக்கோரைக்குச் சர்காசம் என்று பேரினத்தை மட்டும் குறித்தும் எழுதலாம். அதில் சிற்றினங்கள் பல என்பதால் சரியான சிற்றினத்தைப் பிரித்தறிய, உலர்த்தாத ஒரு முழுச் செடியை வேரடிப் பிடிப்போடு எடுத்துப் பாசி ஆய்வு தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.